முன்பல்லில் ஒரு மேடு

நீங்க பேச வேண்டாம் சார். பஞ்சு நகர்ந்திடும். கடைவாய்ப் பல்லா எடுத்தாங்க? தலையை ஆட்டினாப் போதும். சரி, நல்லாக் கடிச்சுக்கிட்டு இருங்க. உள்ள இருக்கிற அம்மாவுக்கு வேர் சிகிச்சையாம். இப்போதைக்கு முடியாதுன்னு சீட்டு எழுதுற அந்தப் பொண்ணு சொல்லுது. நான் காத்திருக்கணும், நீங்க ரத்தம் நிக்கிற வரைக்கும் உட்காரணும். நாளைக்குப் பெரிய வெள்ளி, ஆஸ்பத்திரி லீவு. இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல.

எனக்கு வலி எல்லாம் ஒண்ணும் கிடையாது. முன்பல்லுல ஒரு மேடு இருக்கு. இந்தா, இது. தெரியலையா? கண்ணால பாத்தா யாருக்கும் தெரியாது. நாக்கால தடவினாத்தான் தெரியும். அதைத் தேய்ச்சு விடணும், அவ்வளவுதான். ட்ரம்பெட் ஊதுறவனுக்கு முன்பல்லுதான் சார் அஸ்திவாரம். மவுத்பீஸ் உதட்டு மேல உட்காருது, உதடு பல்லு மேல உட்காருது. அஸ்திவாரத்துல ஒரு மேடு இருந்தா மேல கட்டின வீடு என்ன ஆகும்?

ஆமா, ட்ரம்பெட். இந்தத் துணிப்பையில இருக்கிறது அதுதான். கல்யாண ஊர்வலக்காரன்னு நினைச்சிடாதீங்க. எங்க ஆலயத்துச் சபை பேண்டு. உத்தியோகம் நகராட்சிக் குடிநீர்த் தொட்டியில பம்ப் ஆபரேட்டர். பேரு வெலிங்டன். மோட்டாரைப் போட்டுட்டா தண்ணி ஏறுற வரைக்கும் வேற வேலை கிடையாது, அந்த அறைக்குள்ளேயே சாதகம் பண்ணுவேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்ல. மோட்டார் இரைச்சல்ல நான் ஊதுறது எனக்கே கேக்காது.

சாதகம்னா சும்மா மனசுக்குத் தோணினதை ஊதுறது இல்ல. புத்தகம் இருக்கு. என் மச்சான் பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வந்து கொடுத்தது. அட்டை போயிட்டு, எழுதின வெள்ளைக்காரர் பேரும் அதோட போயிட்டு. செங்கல் கனம் இருக்கும். தினமும் செய்ய வேண்டிய பாடங்கள். முதல்ல நீள நோட்டு, மூச்சு தீர்ற வரைக்கும் ஒரே சுரத்தைப் பிடிக்கணும். பிறகு வால்வைத் தொடாம உதட்டாலேயே ஏறி இறங்கணும். பிறகு ஸ்கேல், பிறகு நாக்கால வெட்டி வெட்டி ஊதுறது. ஒவ்வொரு பாடமும் முந்தினதை விட ஒரு படி மேல. கடைசிப் பாடம் முடியும்போது மனுசன் ஆட்டுக்கல்லுல அரைச்ச மாதிரி இருப்பான். அதை நான் தினமும் முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் முடிக்கிறேன். கல்யாணம் ஆன மறுநாளும் முடிச்சேன். புயல்ல கரண்டு போய் ஊரே இருட்டாக் கிடந்தப்போ மெழுகுவத்தி வச்சு முடிச்சேன். புத்தகத்துல உள்ளதுல ஒரு எழுத்து விட்டது கிடையாது.

அப்படி இருந்தும் போன ஈஸ்டருக்கு மேல் நோட்டு வரலை.

சொல்லுறேன். எங்க சபையில ஈஸ்டர் அன்னைக்கு விடியுறதுக்கு முந்தி எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிடுவோம். அவங்கவங்க வீட்டு ஆளு கல்லறையில மெழுகுவத்தி கொளுத்தி வச்சுக்கிட்டு நிப்பாங்க. போதகர் வாயைத் திறக்குறதுக்கு முந்தி, பாடகர் குழு பாடுறதுக்கு முந்தி, ஒரே ஒரு ட்ரம்பெட் கிழக்கு பாத்து நின்னு உயிர்த்தெழுதல் பாட்டோட முதல் அடியைத் தனியா ஊதணும். வேற சத்தம் ஒண்ணும் இருக்காது. அந்த அடி மேல ஏறி ஒரு உச்சத்துல நிக்கும். அங்க நின்னாத்தான் ஈஸ்டர். அது எத்தனையோ வருசமா என் பொறுப்பு.

போன வருசம் அந்த உச்சத்துக்குப் போனேன். அங்க ஒண்ணும் இல்ல. காத்துதான் வந்துது, சைக்கிள் டியூப்புல இருந்து வார காத்து. யாரும் சிரிக்கலை. கல்லறைத் தோட்டத்துல சிரிக்க மாட்டாங்க, அதுதான் இன்னும் மோசம். அதுக்கு முந்தின வருசமும் இதே கதைதான், ஆனா அன்னைக்குப் பனி. பனியில வால்வு இறுகிடும், எல்லாருக்கும் தெரியும்.

என்ன தவறு பண்ணினேன்னு யோசிக்காத நாள் இல்ல. அன்னைக்குச் சாதகம் விட்டுட்டேனோன்னு நீங்க கேக்கலாம். இல்ல சார். கோழி கூவுறதுக்கு முந்தியே எழும்பி, புத்தகத்தை முழுசா முடிச்சு, உச்ச நோட்டு வார இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஊதிப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன். வீட்டுல அத்தனை தடவையும் வந்துது. கடைசிக் கொஞ்சம் தடவை வரலை, அதுக்குள்ள நேரம் ஆயிட்டு. கல்லறைத் தோட்டத்துல வரலைன்னா அது யாரு குத்தம்?

பேண்டு மாஸ்டர் ஞானசிகாமணி கிட்ட கேட்டேன். நானும் அவனும் ஒண்ணாப் பேண்டுல சேர்ந்தவங்க. அவன் ட்ராம்போன். தலை நரைச்ச பிறகு ரெண்டு பேரும் மரியாதை கொடுத்துப் பேசிக்கிடுவோம். அவன் சொல்லுறான், "வே வெலிங்டன், உம்ம உதடு பாவம்வே. அதைக் கொஞ்சம் சும்மா விடும்."

"சும்மா விட்டா?"

"சும்மா விட்டா அது நல்லாருக்கும். வேற என்ன?"

ஊதாதன்னு சொல்லுற பேண்டு மாஸ்டரை உலகத்துல எங்கயாவது பாத்திருக்கீங்களா? பஞ்சு, பஞ்சு. பேசாதீங்க. பாத்திருக்க மாட்டீங்க.

அவனுக்கு வரம் உண்டு சார். ட்ராம்போனை ஆறு மாசம் பரண்ல போட்டு வச்சிருந்துட்டு எடுத்து ஊதுவான், தேன் மாதிரி இருக்கும். எனக்கு அது கிடையாது. நான் சேர்ந்த புதுசுல இருந்த பழைய மாஸ்டர் எல்லார் முன்னாலயும் சொன்னார், "இவனுக்கு ஞானம் இல்ல. ஆனா மாடு மாதிரி உழைப்பான். இவன் கையில முதல் ட்ரம்பெட்டைக் கொடுங்க." மத்தவங்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அது பட்டயம். என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் வேண்டாம், சும்மா இருன்னா, பிறகு நான் யாரு?

இந்த வருசம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் தொடங்கினதுல இருந்து ரெண்டு வேளையா ஆக்கிட்டேன். காலையில ஒரு தடவை முழுப் புத்தகம், பம்ப் அறையில ஒரு தடவை முழுப் புத்தகம். சிலர் லெந்துல கறி சாப்பிட மாட்டாங்க, சிலர் காப்பியை விடுவாங்க. நான் என்னத்தை விட? கூட்டினேன்.

அலுப்பாத்தான் இருக்கு. பொய் சொல்லலை. காலையில எழும்பி அந்தப் புத்தகத்தைப் பாத்தா, அது என்னைப் பாக்குது. சில நாள் முதல் நீள நோட்டு ஊதும்போதே கண்ணு சொக்கும். மேலுதடு தடிச்சு, காப்பி குடிச்சா சூடு தெரியாது. ஆனா அலுப்பைப் பாத்தா முடியுமா? தொட்டிக்குத் தண்ணி ஏத்துறவன் அலுப்பா இருக்குன்னு மோட்டாரை நிறுத்தினா ஊரு என்ன குடிக்கும்?

என் வீட்டுக்காரி லில்லிபாய்க்கு இதெல்லாம் புரியாது. நல்லவதான். பாடகர் குழுவுல இருக்கா, சுருதி சுத்தமாப் பாடுவா. ஆனா சாதகம்னா அவளுக்கு ஆகாது. ஒரு நாள் காலையில புட்டுக் குடத்தை அடுப்புல வச்சுக்கிட்டே கேக்குறா, "இந்த வீட்டுல நானும் ஒருத்தி இருக்கேன்னு அந்தப் புத்தகத்துல எங்கயாவது எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

நான், அவ விளையாட்டுக்குச் சொல்லுறான்னு நினைச்சு, "தேடிப் பாக்கேன்"னு சொன்னேன். அவ சிரிக்கலை. போன வாரம் மார்த்தாண்டத்துல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. "ஈஸ்டருக்கு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வாறேன். அதுவரைக்கும் உங்களுக்கு இடைஞ்சல் இல்ல"ன்னு சொன்னா. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. வீடு அமைதியா இருக்கு. இப்போ மூணு வேளை ஆயிட்டு.

இந்தக் கதையில இன்னொரு ஆள் உண்டு. பெனிட்டா. பாங்குல வேலை பாக்குற பொண்ணு. ரெண்டாவது ட்ரம்பெட். நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை, ஆனா சாதகம் எவ்வளவுன்னு கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. குக்கர்ல சோறு வேகிற நேரம். விசில் வந்தா எடுத்து வச்சிடும். அது ஒரு நாள் என் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "அங்கிள், ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கே. எவ்வளவு நேரம் ஊதினீங்களோ அவ்வளவு நேரம் ஓய்வு எடுக்கணும்னு போட்டிருக்கு. நீங்க எடுப்பீங்களா?"ன்னு கேக்குது.

நான் சொன்னேன், "அது பக்கம் நிறையப் போட்டது மக்கா. பாடம் மேல இருக்கு, அதைப் பாரு."

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் சார். அந்த வரியை நான் அன்னைக்கு முதன்முதலாப் பாக்கலை. வெள்ளைக்காரனுக்குக் குளிரு, அவன் ஊதிட்டு ஊதிட்டு டீ குடிப்பான். ஓய்வை எல்லாம் கழிச்சுட்டா அதே நேரத்துல ரெண்டு மடங்கு முடிக்கலாம். நான் கணக்குப் போட்டுத்தான் செய்யுறேன்.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஞானசிகாமணி எங்க ரெண்டு பேரையும் ஆலயத்துக்குப் பின்னால வரச் சொன்னான். ஈஸ்டர் அடியை ஆளுக்கு ஒரு தடவை ஊதச் சொன்னான். இப்படி ஒரு சோதனை எனக்கு இதுவரைக்கும் வச்சது கிடையாது. வச்சா வைக்கட்டும்னு நின்னேன். அன்னைக்கும் முழுசா முடிச்சுட்டுப் போனவன்தானே நான்.

ஊதினேன். உச்சம் உடைஞ்சுது.

பெனிட்டா ஊதிச்சு. பெருசா ஒண்ணும் சொல்லுறதுக்கு இல்ல. போச்சு, ஏறிச்சு, நின்னுது, இறங்கிச்சு. ஞானசிகாமணி அதுகிட்ட, "நேத்து எவ்வளவு நேரம் ஊதின மக்கா?"ன்னு கேட்டான், என்னைப் பாத்துக்கிட்டே.

"நேத்துத் தொடவே இல்ல அங்கிள். மாச முடிவு, பாங்குல வேலை."

பாத்தீங்களா? தொடவே இல்லைன்னு வெட்கம் இல்லாமச் சொல்லுது. அதுக்கு வந்துது, எனக்கு வரலைன்னா பல்லுல கோளாறு இல்லாம வேற எதுல இருக்கும்? எனக்கு அங்க நிக்கும்போதே மனசுல தட்டிட்டு. நாக்கால தடவினேன். மேடு இருந்துது.

ஞானசிகாமணி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வே, பழக்கத்துக்காகச் சொல்லுதேன். உமக்கு ஒரு வாய்ப்பு தாரேன். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த ட்ரம்பெட் பெட்டியைத் திறக்காதேயும். திறக்காம வந்து ஒரே ஒரு தடவை ஊதும். வந்துட்டா ஈஸ்டர் உமக்குத்தான். வரலைன்னா அந்தப் பிள்ளைக்கு. பிறகு எப்பவும் பிள்ளைக்குத்தான்"னு சொன்னான்.

"சத்தியமாப் பெட்டியைத் திறக்க மாட்டேன்"னு சொன்னேன்.

திறக்கலை சார். வாக்கு வாக்குதான். பெட்டி பீரோ மேல பூட்டினபடி இருக்கு. என்கிட்ட ரெண்டு ட்ரம்பெட் உண்டு. இந்தப் பையில இருக்கிறது பழையது.

ஏன் கண்ணை அப்படி உருட்டுறீங்க? வலிக்கா? மருந்து வேகம் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். பேசாதீங்க.

அதுக்குப் பிறகு பல் டாக்டரைத் தேடினேன். முதல்ல ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. கண்ணாடியை வச்சுப் பாத்துட்டு, "அங்கிள், பல்லு நல்லா இருக்கு. உதட்டோட உள்பக்கம் பாருங்க, பல்லு பதிஞ்சு புண்ணாயிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஊதுவீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க கண்ணாடியைக் கீழ வச்சுட்டாங்க. "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க, பிறகு பாப்போம்." பல் டாக்டர்கிட்ட நான் உதட்டைப் பத்திக் கேட்டேனா? எழும்பி வந்துட்டேன். ரெண்டாவது ஆளு பல்லைச் சுத்தம் பண்ணிட்டு ஒரு பேஸ்ட்டைக் கையில கொடுத்தார்.

இவர் மூணாவது. போன்லயே பேசிட்டேன். தேய்க்கலாம்னு சொல்லிட்டார். "ஆனா ஒண்ணு, தேய்ச்சாத் தேய்ச்சதுதான். பல்லு திரும்ப வளராது. யோசிச்சுட்டு வாங்க"ன்னார். யோசிக்க என்ன இருக்கு? தெளிவாப் பேசுற டாக்டர்.

மதியம் ஞானசிகாமணிக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னேன். கத்துறான். "வே, உமக்குக் கிறுக்கா? பல்லுல கை வச்சீர்னா உதடு உட்காருற இடம் மாறிடும்வே. இத்தனை வருசம் பிடிச்ச பிடி போயிடும். பிறகு நீர் முதல் பாடத்துல இருந்து தொடங்கணும்."

"தொடங்குதேன். எனக்கு என்ன, புத்தகம் இருக்கு"ன்னு சொன்னேன்.

"சனிக்கிழமை வரைக்கும் பெட்டியைத் திறக்காம இரும்னுதானேவே உம்மகிட்ட கேட்டேன்? அதைக்கூடச் செய்ய முடியாதா?"

"பெட்டியைத் திறக்கலை"ன்னேன்.

போனை வச்சுட்டான். அவனுக்கு என் மேல பிரியம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வரம் உள்ளவங்களுக்கு உழைக்கிறவன் கஷ்டம் விளங்காது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கும் அந்த மாதிரி வந்துது சார். ஒரு வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தி மஞ்சள் காமாலை. கண்ணு எல்லாம் மஞ்சள். படுத்த படுக்கை. ட்ரம்பெட்டைத் தூக்கக்கூடத் தெம்பு இல்ல, பிறகு எங்க புத்தகம்? லில்லிபாய்தான் தினமும் கீழாநெல்லி அரைச்சு மோருல கலக்கித் தருவா, பக்கத்துல உட்காந்து பாடுவா. கிறிஸ்துமஸ் காலையில சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழும்பி ஆலயத்துக்குப் போனேன். ஒரு பாடம்கூட ஊதிப் பாக்காம, அப்படியே நின்னு ஊதினேன். அப்படி ஒரு ஊத்து அதுக்கு முந்தியும் ஊதினது இல்ல, பிறகும் ஊதினது இல்ல. மேல் நோட்டு நான் போறதுக்கு முந்தியே அங்க வந்து நிக்குது, எனக்காகக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி. லில்லிபாய் அழுதுட்டா. ஞானசிகாமணி ட்ராம்போனைக் கீழ வச்சுட்டு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். "இதுதான்வே, இதுதான்"னான்.

அதை நான் மறக்கலை. அதுல இருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் முந்தி விடாம கீழாநெல்லி குடிக்கிறேன். இன்னிக்கும் குடிச்சேன். அது ரத்தத்தைச் சுத்தப்படுத்தும், உதட்டுக்கு நல்லது. என்ன, ஏதோ ஒரு தடவை கேட்ட மருந்து, மறுபடி கேக்க மாட்டேங்குது. லில்லிபாய் அரைச்சா பக்குவமா இருக்கும். இந்தத் தடவை நானே அரைச்சேன்.

சார், ஏன் பஞ்சை எடுக்குறீங்க? எடுக்காதீங்க, ரத்தம் வருது பாருங்க. என்ன? கையைக் காட்டுறீங்க. பல்லு, வேண்டாம், உதடு... சரி சரி, புரியுது. வேண்டாங்குறீங்க. உங்களுக்கு இப்போதான் பல்லைப் பிடுங்கியிருக்காங்க, பயம் இருக்கும். எனக்குப் பயம் இல்ல. பஞ்சை உள்ள வையுங்க முதல்ல.

கதவு திறக்குது. வேர் சிகிச்சை அம்மா வெளிய வாறாங்க. அந்தப் பொண்ணு கூப்பிடுது.

"வெலிங்டன் யாரு? உள்ள வாங்க சார்."

வாறேம்மா. சார், ஒரு உபகாரம். இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க. கீழ வைக்காதீங்க, வால்வு அடிபட்டா ஈஸ்டருக்கு ஆகாது. தேய்ச்சு முடிச்சு வந்ததும் இங்கேயே ஒரு பாடம் மட்டும் ஊதிப் பாத்திடுறேன்.

என்னம்மா, ஊசியா? மரத்துப் போகவா? எனக்கு வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லு. காலையில ரெண்டாவது தடவை புத்தகத்தை முடிச்சதுல இருந்தே மேலுதட்டுல எனக்கு உணர்ச்சியே இல்ல.